விட்டுப்போன வரிகள்

சான்றிதழைக் கடைசி நாளில்தான் கொடுக்க வேண்டும் என்று பொறுப்பாளர் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். குமாஸ்தா முதல் வாரமே எடுத்துக் கொடுத்துவிட்டார். "பிள்ளைங்க கேட்டாங்க, அதான்" என்றார், ஏதோ மிட்டாய் கொடுத்த மாதிரி.

பார்வையற்றவர்கள் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதிக் கொடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள், மொத்தம் பதினோரு பேர். 'ஏன் வந்தீர்கள்?' என்ற கட்டத்தில் பத்துப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் 'சமூக சேவை' என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மாதிரித் தேர்வு முடிந்ததிலிருந்து வந்த நாளெல்லாம் கொட்டாவி விட்டவள். தூங்குமூஞ்சி என்று அவளுக்குப் பேர் வைத்ததே அக்காதான்.

ஆற்றைக் கடக்கிற வரைக்கும்தானே அண்ணன் தம்பி! சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் பல்வலி, மூன்று பேருக்கு ஒரே நாளில் கல்யாண வீடு.

பார்வையில்லாத டெலிபோன் ஆபரேட்டரம்மாவுக்கு இன்று ஒன்பது மணிக்குப் பட்டப் பரீட்சை. நாற்பது வயதில் மூன்றாவது முயற்சி. இதிலும் தவறினால் பதிவு ரத்து, மறுபடி முதலிலிருந்து. அந்த அம்மாள் ஏழரைக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எழுத வேண்டியது தூங்குமூஞ்சி. போன் எடுக்கவில்லை. மீதிப் பத்துப் பேருக்கும் அக்கா அடித்துப் பார்த்தாள். ஒருவர்கூட எடுக்கவில்லை. அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

எட்டு ஐம்பதுக்குத் தூங்குமூஞ்சி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"இதுதான் வர்ற நேரமா? போன் எங்க?"

"பஸ் வரல. ஓடி வந்தேன். போன் வீட்லயே இருக்கு."

"அதான் சான்றிதழ் வாங்கியாச்சே, அப்புறம் எதுக்கு வந்த?"

வேண்டுமென்றே குத்தலாகத்தான் கேட்டாள். அந்தப் பெண் பெஞ்சுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாதிரித் தேர்வுல எனக்குக் கை வலிச்சுதுக்கா. அவங்க சொன்னதுல அங்கங்க நாலு வரி, அஞ்சு வரி எழுதாம விட்டுட்டேன். அவங்களால படிச்சுப் பாக்க முடியாதுல்ல. மார்க் வந்ததும், 'என் மூளை இவ்வளவுதான் போல'ன்னு என்கிட்டயே சொன்னாங்க. அன்னையிலேர்ந்து தூக்கமே இல்ல."

அக்காவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தத் தாளைத் திருத்தியவள் அவள்தான். முப்பத்தொன்று போட்டு, "இன்னும் கவனமாப் படிங்கம்மா" என்று புத்தியும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"போ, நேரமாச்சு" என்றாள்.

தூங்குமூஞ்சி போய் ஆபரேட்டரம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அறை வாசலில் அவள் பேசியது காதில் விழுந்தது.

"மெதுவாச் சொல்லுங்கக்கா. கை வலிச்சா இந்தத் தடவை வாயைத் தொறந்து சொல்லிடறேன்."

"இந்தத் தடவையா?" என்றாள் அந்த அம்மாள்.

"எழுதி முடிச்சிட்டு வந்து சொல்றேன்கா. அப்புறம் என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க."