ஜான்ரோஸ் பெயர் வேண்டாம்

நாகர்கோவிலில் அந்தத் தெருவுக்குப் பெயர் இல்லாமல் போய் மாதக்கணக்காகிவிட்டது. சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லி உத்தரவு வந்ததும், மாநகராட்சி ஆட்கள் பழைய பலகையில் கறுப்புப் பெயிண்டை அடித்துவிட்டுப் போனார்கள். வினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கிறிஸ்தவ சபைக்காரர்கள் ஓர் உபதேசியார் பெயரை எழுதி நட்டார்கள். மறுநாள் அது சாக்கடையில் கிடந்தது. கோயில்காரர்கள் இசக்கியம்மன் தெரு என்று நட்டார்கள். அதையும் யாரோ உடைத்தார்கள். இப்போது தெருமுனையில் போலீஸ் வேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை கவுன்சிலர் இந்துஜா இரண்டு தரப்பையும் தெருவிலேயே உட்காரவைத்துப் பேசினார். பேச்சு தடித்தது. சிலர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த நேரத்தில், பேக்கரி செல்வதாஸ் கையை உயர்த்தினார். சபைக் கமிட்டித் தலைவர். கூட்டம் அடங்கியது.

"சண்டை எதுக்கு? ஓக்கி புயல்ல தாணம்மாளக் காப்பாத்தப் போய் உயிர விட்டாம்லா நம்ம ஜான்ரோஸ்? அவனுக்க பேர வைப்போம். ரெண்டு கூட்டருக்கும் பொதுவாட்டு இருக்கும்."

எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த நேசம்மாள் மட்டும் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. ஜான்ரோஸ் அவள் கணவன்.

புயல் அடித்த அன்று காலை தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வழுக்கி விழுந்த, கோயில் தரப்பைச் சேர்ந்த எதிர்வீட்டுத் தாணம்மாளைத் தூக்கிப் படியில் கிடத்திவிட்டு அவன் திரும்பிய நொடியில், மேலே ஒரு கம்பி அறுந்து தண்ணீரில் விழுந்தது. விறைத்துச் சாய்ந்தான். புயலில் மின்கம்பி அறுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. அது மின்வாரியக் கம்பி இல்லை. கம்பத்தில் கொக்கி போட்டுச் செல்வதாஸ் தன் பேக்கரிக்குத் திருட்டுத்தனமாக இழுத்திருந்தது. அலறிக்கொண்டு மாடிப்படி இறங்கிய நேசம்மாள், செல்வதாஸ் ஒரு கம்பால் கொக்கியைத் தட்டிவிட்டு, கம்பியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தாள்.

அவர்கள் வாடகைக்குக் குடியிருந்தது செல்வதாஸின் வீட்டு மாடியில். மகள் ஜாஸ்மி அப்போது சின்னப் பிள்ளை. வாயைத் திறந்தால் எங்கே போவது?

நேசம்மாள் எழுந்தாள்.

"வேண்டாம்."

"நேசம்மா, மனசு கஷ்டத்துல பேசாத. இரி" என்றார் செல்வதாஸ்.

"எனக்க மாப்பிள்ளைக்க பேர நீங்க எடுக்காதீங்க அண்ணே. அவருக்க உயிர எடுத்தது உங்க கம்பி. அதச் சுருட்டிட்டு உள்ள போனத நான் பாத்தேன்."

ஒரே நேரத்தில் பத்துப்பேர் கத்தினார்கள். செல்வதாஸின் மகன் ஜெப்சன் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தான்.

"ஏட்டி, யாருக்க வீட்டுல இருந்துட்டு யாரப் பேசுக?"

காவலுக்கு நின்றிருந்த சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கே புகுந்து அவன் தோளைப் பிடித்தார். அந்த இரைச்சலுக்குள் தாணம்மாள் எழுந்து நிற்பதை முதலில் யாரும் கவனிக்கவில்லை.

"அவ சொல்லுகது நேருதான்" என்றாள். "நான் படியில கிடந்து பாத்தேன். மயக்கத்துல தோணியிருக்கும்னு எல்லாரும் சொன்னாவ. நானும் அப்பிடித்தான்னு நம்பிட்டேன்."

செல்வதாஸ் துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் துடைத்தார்.

"இத ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பியளாம்மா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நேசம்மாள் திரும்பிப் பார்த்தாள். தாணம்மாள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

வழக்கு பதிவானது. தெருவுக்கு மாநகராட்சி ஓர் எண்ணை மட்டும் கொடுத்தது, யாரும் எதிர்க்கவில்லை. வீட்டைக் காலிசெய்யச் சொல்லி ஜெப்சன் வந்தபோது, நேசம்மாள் பாதி சாமான்களைக் கட்டிவைத்திருந்தாள். தாணம்மாள் தன் பின்கட்டு அறையை ஒழித்துக் கொடுத்திருந்தாள்.

தெருவைக் கடக்க வேண்டிய தூரம்தான். ஆனால் ஒவ்வொரு ஜன்னலிலும் ஆள். சபைக்காரர்கள் சிலர் அவளைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். அவளும் ஜாஸ்மியும் கட்டிலைத் தூக்க முடியாமல் நடுத்தெருவில் இறக்கிவைத்தபோது, சாத்திய கதவுகளில் ஒன்று திறந்தது. சபையில் அவள் பக்கத்தில் உட்காருகிற லீலாபாய் இறங்கி வந்து கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தாள்.