கழலாத காப்பு

பழைய நகைகளைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறை ஒரு கடிகாரக் கடையின் மேல்மாடியில் இருந்தது. அதை நடத்தியவளை அக்கம்பக்கத்தார் அனைவரும் ‘கண்ணாடி’ என்றே அழைத்தனர்; நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடியை அவள் சாப்பிடும்போதுகூடக் கழற்றுவதில்லை என்பதே காரணம். அன்று காலை அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் காலடியோசை எழுந்தது. படிக்கு ஒரு முனகல் அதனுடன் சேர்ந்து வந்தது.

வந்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்காள். இடக்கையை வலக்கையால் ஏந்திப் பிடித்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“தெருமுனையில வழுக்கி விழுந்துட்டேன். நீ கத்தாதே. கல்லு ஒண்ணும் விழல, தடவிப் பார்த்துட்டேன்.”

“கல்லையா கேட்டேன்? கையைக் காட்டுங்க அண்ணி.”

வேலை முடிந்த நகைகள் இரவில் நாத்தனார் வீட்டு இரும்புப் பெட்டியில் உறங்கும். காலையில் அவற்றைப் பட்டறைக்குக் கொண்டுவருவது அவள் பொறுப்பு. காப்பு, வளையல் போன்றவற்றை அவள் பையில் வைப்பதேயில்லை. பையைப் பறிப்பார்கள், பைக்குள் கல்லும் கல்லும் உரசும். ஆகவே கையில் அணிந்து, முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து, கீரை வாங்கப் புறப்பட்டவள்போல் நடந்து வருவாள். அந்த வீட்டில் இதுவே வழக்கம். இன்றுவரை ஒரு கல்லும் தவறியதில்லை.

கண்ணாடி சட்டையின் கையைக் கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தாள். மணிக்கட்டு மாவு உப்பியதுபோல் உப்பியிருந்தது. காப்பு அதற்குள் புதைந்து கிடந்தது. விரல்கள் நாவற்பழச் சாற்றில் தோய்த்தவைபோல் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

“உடனே குளிர்ந்த தண்ணி ஊத்தலையா? அங்கதான் ஜூஸ் கடை இருக்கே!”

“கடைக்காரன் ஐஸோடதான் ஓடி வந்தான். கிட்ட வராதேன்னு விரட்டிட்டேன். ஒரு பொட்டு ஈரம் போனாலும் கல்லுக்கு அடியில இருக்கிற வெள்ளித் தாள் கறுத்துடும்னு நீதானே நாள் முழுக்க ஓதுற?”

கண்ணாடிக்குச் சுருக்கென்றது. வேறு எவளாக இருந்தாலும் விழுந்த இடத்திலேயே குழாயைத் திறந்து கையை நீட்டியிருப்பாள். காப்பின் அருமை தெரிந்த குடும்பத்தில் பிறந்ததால், இவள் வலியைப் பல்லைக் கடித்துச் சுமந்துகொண்டு இங்கே வந்திருக்கிறாள்.

அருமையான காப்புதான் அது. இரண்டு அரைவட்டங்கள், ஒரு பக்கம் கீல், மறுபக்கம் திருகாணி. வெளியே பொன் தகடு, உள்ளே அரக்கு. சுற்றிலும் சிவப்புக் கற்கள். நடுவில் கட்டைவிரல் நகத்தளவுக்கு ஒரு தட்டையான வைரம். சில்லுபோல் மெலிந்த அந்தப் பழங்காலக் கல் தானாக ஒளிராது. அடியில் வைத்த வெள்ளித் தாள்தான் அதற்கு உயிர். சொக்கத்தங்க இழையை நெருப்பில்லாமல் அழுத்தி அழுத்தியே கல்லைச் சுற்றி இறுக்கி, காற்றும் நுழையாதவாறு மூடியிருந்தார்கள். அதன் சொந்தக்காரர் சார்பில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். திரும்பப் பெற அன்று முற்பகலே வருவதாகச் சொல்லியிருந்தார்.

கண்ணாடி மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தாள். மறுமுனையில் பேசிய செவிலியின் பதில் நாத்தனாருக்கும் கேட்டது. மோதிரம் வெட்டும் கருவிதான் எங்களிடம் உண்டு, இவ்வளவு தடிமனானதை அது வெட்டாது, எப்படியாவது அதைக் கழற்றிவிட்டு உடனே புறப்படுங்கள், விரல் மரத்துப்போனால் ஆபத்து.

“மரத்துப்போச்சா அண்ணி?”

“சுண்டுவிரல் என்னுதில்லாத மாதிரி இருக்கு. நீ திருகாணியைப் பாரு.”

திருகாணி அசையவில்லை. விழுந்த வேகத்தில் காப்பு நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தது; வளைந்த தகடு ஆணியைக் கவ்விப் பிடித்திருந்தது. கண்ணாடி குறடால் பிடித்து அழுத்தித் திருகினாள். ‘டிக்’ என்று ஆணியின் தலை மட்டும் முறிந்து அவள் கையோடு வந்தது.

அவசரப்பட்டுவிட்டோம் என்று அவள் உள்ளம் அவளைக் குத்தியது. நெருப்பைக் காட்டித் தளர்த்தலாம் என்றால் அரக்கு உருகித் தோலில் ஒட்டிப் பொசுக்கும். கீலின் ஊசியைத் தட்டி எடுக்கலாம் என்றால் கீல் இருக்குமிடமே தெரியாமல் சதை மூடியிருந்தது. எலும்பு முறிந்திருக்கக்கூடிய இடத்தில் சுத்தியலால் தட்டவே முடியாது.

“அண்ணி, அறுக்கப் போறேன்.”

“அறு. ஓரமா, யாருக்கும் தெரியாத இடமாப் பார்த்து அறு.”

கண்ணாடி மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை எடுத்து, காப்புக்கும் தோலுக்கும் இடையே நுழைத்துப் பார்த்தாள். ரம்பம் சதையைத் தொடாதிருக்க அந்தத் தகடுதான் காவல். ஓரங்களில் ஒரு நூல்கூட நுழையவில்லை. காப்பு நசுங்கி மேலெழும்பியிருந்த ஒரே ஓர் இடத்தில்தான் தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே சென்றது. அது நடுக்கல்லின் நேர் கீழே.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

“வேணாம்,” என்றாள் நாத்தனார்.

“வேற இடமில்ல.”

“அதைத் தொட்டா இந்தக் காப்பு காப்பே இல்லடி! ஊர்ல எவன் நம்மகிட்ட இனிமே நகையைக் கொடுப்பான்? எங்கப்பா உட்கார்ந்த பட்டறை இது.”

“உங்கப்பா இருந்தா உங்க கையைப் பார்ப்பாரா, காப்பைப் பார்ப்பாரா?”

“காப்பைத்தான் பார்ப்பாரு. உனக்கு அவரைத் தெரியாது.”

அந்த நிலையிலும் கண்ணாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே நாத்தனாரின் சுண்டுவிரலை நகத்தால் அழுந்தக் கிள்ளினாள். நாத்தனார் முகம் சுளிக்கவில்லை. கிள்ளியதே அவளுக்குத் தெரியவில்லை. அதன்பின் கண்ணாடி அவளிடம் எதையும் கேட்கவில்லை.

பூதக்கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். சிற்றுளியின் முனையைக் கல்லின் விளிம்பில் வைத்து, சொக்கத்தங்க இழையைச் சிறுகச் சிறுகப் பெயர்த்தாள். பொன் வெண்ணெய்போல் சுருண்டு வந்தது. ஆனால் அதற்கு அடியில் இருந்த கல், உளி சற்றே சறுக்கினாலும் விரிசல்விடும். நாத்தனாரின் கை நடுங்கியது. கையோடு காப்பும் நடுங்கியது.

“ஆடாதீங்க அண்ணி.”

“நானா ஆடுறேன்? உன் மேசைதான் ஆடுது. கால் சரியில்லன்னு எத்தனை தடவை சொன்னேன்?”

அப்போது கதவு திறந்தது. பழம்பொருள் வியாபாரி வந்து நின்றார். வணக்கம் சொல்ல எழுந்த கை பாதியிலேயே நின்றுவிட்டது. பெயர்ந்து கிடந்த பொன் இழையையும் உளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னம்மா பண்றீங்க? அது என் பொருள்கூட இல்ல! ஒருத்தர் என்னை நம்பிக் கொடுத்தது!”

“சார், இவங்க முழங்கையைக் கொஞ்சம் பிடிங்க.”

“நான் கேக்கறது காதுல விழுதா?”

“விழுது. பிடிச்சுக்கிட்டே திட்டுங்க. விரல் செத்துக்கிட்டிருக்கு.”

அவர் அந்த விரல்களைக் குனிந்து பார்த்தார். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு, நாத்தனாரின் முழங்கையை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். அவருடைய கை நடுங்கவில்லை.

கல் வெளியே வந்தது. இடுக்கியின் நுனியில் அது வெறும் சன்னல் கண்ணாடித் துண்டாக, ஒளியற்று இருந்தது. குழியின் அடியிலோ வெள்ளித் தாள் பளீரென்று மின்னியது. அதைச் செய்தவன் கல்லை மூடிய நாளுக்குப் பிறகு மனிதக் கண் எதுவும் அதைக் கண்டதில்லை. கண்ணாடி ஒரு மூச்சு நேரம் அதைப் பார்த்தாள். பிறகு ரம்பத்தை அதன் மேலேயே வைத்து இழுத்தாள்.

தாள் சருகுபோல் கிழிந்தது. வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொன் எளிதில் வழிவிட்டது. அரக்குதான் வழிவிடவில்லை. உரசலின் சூட்டில் அது இளகி, ரம்பத்தின் பற்களில் அப்பிக்கொண்டு, அதைக் கவ்வியது. மயிரிழை போன்ற பிளேடு முறிந்தது. அடுத்ததைப் பூட்டினாள், அதுவும் முறிந்தது. காய்ந்த பிசினின் வாடை எழுந்தது. நாத்தனார் இப்போது முனகுவதையும் நிறுத்தியிருந்தாள். அதுவே கண்ணாடிக்கு அச்சமூட்டியது.

“அண்ணி, ஏதாவது பேசுங்க. என்னைத் திட்டுங்க.”

“உனக்கு... ரம்பம் பிடிக்கவே தெரியல.”

“அப்படித்தான். இன்னும்.”

“பலா அறுக்கிறவ மாதிரி அறுக்கிற.”

கண்ணாடி வேகத்தைக் குறைத்தாள். இழுப்பதும் ஆறவிடுவதும், மீண்டும் இழுப்பதுமாக அறுத்தாள். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை பூதக்கண்ணாடியை மறைத்தது, துடைக்கக் கையில்லை. முடிவில் ரம்பத்தின் ஓசை மாறியது. பித்தளையைத் தொட்டுவிட்டது.

அறுத்த வாயில் இரண்டு குறடுகளை வைத்து அகட்டினாள். கீல் எங்கோ சதைக்குள் கிறீச்சிட்டுத் திறந்தது. நாத்தனார் கடிகாரக் கடைவரை கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டாள். காப்பு மேசைமேல் விழுந்து உருண்டது. வியாபாரிகூட அதை எடுக்கக் குனியவில்லை.

மூவரும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தனர். முதலில் எந்த மாற்றமும் இல்லை. பின்னர் கட்டைவிரலின் நகத்தடியில் மெல்லிய சிவப்பு ஏறிற்று. அடுத்த விரலில், அதற்கடுத்ததில். சுண்டுவிரல் மட்டும் அப்படியே கிடந்தது. கண்ணாடி அதைத் தன் இரு கைகளுக்குள் பொதிந்து வைத்துக்கொண்டாள்.

“ஐயோ, ஊசி குத்துற மாதிரி குத்துது!” என்று நாத்தனார் அலறினாள்.

“எந்த விரல்ல?”

“அதுலதாண்டி, நீ பிடிச்சிருக்கியே, அதுல!”

கண்ணாடி குழாயடியில் துணியை நனைத்து வந்து, சொட்டச் சொட்ட மணிக்கட்டில் சுற்றினாள். அவள் கண்களும் நனைந்திருந்தன. வியாபாரி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“சொந்தக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நீங்க சொல்ல வேணாம். நான் வந்து சொல்றேன். எங்க வழக்கம், எங்க தப்பு. கல்லுக்குப் பழுதில்ல. புதுத் தாள் வைக்கலாம். ஆனா பழைய வெளிச்சம் வராது. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.”

“அவர் ஒத்துக்க மாட்டார்.”

“ஒத்துக்க மாட்டார்தான்.”

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. நாத்தனாரின் நல்ல கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். மேசைமேல் திறந்த தட்டுகளில் பலருடைய நகைகள் பரப்பிக் கிடந்தன. சாவி ஆணியிலேயே தொங்கியது. தண்ணீர் குடிக்கப் போனாலும் பூட்டிவிட்டுப் போகிறவள் அவள்.

“அம்மா! கதவு?” என்று வியாபாரி பின்னாலிருந்து கூவினார்.

“நீங்க இருக்கீங்களே!”

படிகளில் இறங்கும்போது நாத்தனார் அவள் காதருகே முணுமுணுத்தாள். “அவனை நம்பியா விட்டுட்டு வர்ற? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“படியைப் பார்த்து இறங்குங்க அண்ணி,” என்றாள் கண்ணாடி.