வேண்டாம் சாரின் பலகை

சர்ச் கமிட்டியில் அவருக்கு 'வேண்டாம் சார்' என்று பெயர். தொழில் ஆடிட்டர். புது மைக் வாங்கலாமா என்றால் வேண்டாம், சுவருக்கு வெள்ளையடிக்கலாமா என்றாலும் வேண்டாம். அதையும் வாயைத் திறந்து சொல்லமாட்டார் மனுஷன். மடக்கிய விரலால் முன்பெஞ்சின் முதுகில் டொக் டொக் என்று இரண்டு தட்டு, அவ்வளவுதான். அது விழுந்துவிட்டால் பாஸ்டரே பேச்சை மாற்றிவிடுவார். வருஷக்கணக்காகத் தட்டித் தட்டி அந்தப் பலகையில் ஒரு குழியே விழுந்திருந்தது.

கமிட்டி கூடுகிற அந்தப் பழைய ஜெபக்கூடத்தை, சர்ச்சை ஒட்டியிருப்பதை, ஷட்டில் கோர்ட் ஆக்கலாம் என்று பாஸ்டர் ஆரம்பித்தபோதும் அதே டொக் டொக்தான். அன்றைக்கு எழுந்து நின்று பேசவும் பேசினார். காணிக்கை போடுகிறவன் வயிற்றைக் கட்டிப் போடுகிறான், பின்தெருவில் நம் சபைக் குடும்பங்கள் ஒழுகுகிற கூரைக்குக் கீழே படுத்திருக்கும்போது நமக்கு விளையாட்டு கேட்கிறதா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டத்தில் நரைக்காத தலையைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் முதலில் விளையாட வரட்டும், அப்புறம் ஜெபிக்க வருவார்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான், அதனாலேயே விஷயம் முடியாமல் இழுத்துக்கொண்டு போனது.

அந்த இழுபறியிலேயே ஒரு காலையில் வேண்டாம் சார் மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில், மகனுடைய அறை வாசலில் விழுந்து கிடந்தார். கமிட்டியில் அவர் இடத்தில் அவர் மனைவியை உட்காரவைத்தார்கள். ஸ்கூலில் பாட்டு சொல்லிக்கொடுத்து, சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோர்ட்டுக்கு ஓட்டெடுத்தபோது சரிபாதியாக நின்றது. டீச்சர் கையைத் தூக்கினாள், கோர்ட் வேண்டும் என்று.

புருஷன் கல்லறையில் ஈரம் காயவில்லை, அதற்குள் பார் என்று பேசினார்கள். பேசுகிறவர்களுக்கென்ன, வாய் வலிக்கவா போகிறது? அவளுக்கு இருந்தது ஒரே மகன். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன். சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், வெளியே வரும், அவன் வரமாட்டான். அவன் அப்பா தினமும் ஆபீஸ் கிளம்பும் முன்னால் அந்தக் கதவில் டொக் டொக் என்று தட்டிவிட்டு, கொஞ்சம் காது கொடுத்து நின்றுவிட்டுப் போவார். திறந்ததே இல்லை. காலேஜில் ஷட்டில் என்றால் உயிரை விட்டவன் அவன். ஒரு கோர்ட் வந்தால் அந்தக் கதவு திறக்காதா என்று தாய்க்கு ஒரு நப்பாசை, அவ்வளவுதான் அவள் செய்த பாவம்.

கோர்ட் வந்தது. செலவைக் குறைக்க, கூடத்திலிருந்த பழைய பெஞ்சுகளைப் பிரித்து அந்தப் பலகைகளையே தரையாகப் போடலாம் என்று பொருளாளர் வழி சொன்னார். நல்ல மரம், விற்க வேண்டாம் என்று வேண்டாம் சாரே தடுத்துத் தடுத்துக் காப்பாற்றிய மரம் அது. கார்பெண்டர் இழைத்து, மெருகு போட்டு, வெள்ளைக் கோடு இழுத்துக் கொடுத்தார். குழி விழுந்த பலகை பின்கோட்டுக்குப் பக்கத்தில் போய் அமைந்தது. எவ்வளவு இழைத்தும் குழி முழுசாகப் போகவில்லை, வெறுங்காலை வைத்தால் தெரிந்தது.

மகன் வந்தான். சவரம் செய்து, பழைய மட்டையைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு, தானாக நடந்து வந்தான். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் ஆட்டத்தில் பந்து பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. தரைக்குள்ளிருந்து டொக் டொக் என்றது. பலகை லூசாக இருக்கும் என்றார்கள். அடுத்த பந்தும் வெளியே விழுந்தது, மறுபடியும் டொக் டொக். எதிர்ப்பக்கம் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த, சபையிலிருக்கிற ஒரு டாக்டரின் மகள் மட்டையை அப்படியே போட்டுவிட்டு வெளியேறினாள். உள்ளங்காலில் யாரோ கீழேயிருந்து தட்டினார்கள் என்று அழுதாளாம். கார்பெண்டர் வந்து அந்தப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தார். கீழே கெட்டியான சிமெண்ட், எலி நுழைய இடமில்லை. திரும்பப் பொருத்திக் கடைசித் திருகாணியை முடுக்கினார். திருப்புளியை எடுக்கும் முன்னே டொக் டொக். மனுஷர் கருவிப்பெட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டார், அதை எடுத்துப்போக மறுநாள் அவர் சம்சாரம்தான் வந்தாள்.

ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மகன் மட்டும் நிறுத்தவில்லை.

ஒரு மத்தியானம் டீச்சர் சாப்பாட்டு டப்பாவோடு போனாள். உயரத்து ஜன்னல்களிலிருந்து வெயில் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மகன் ஒரு பக்கம் நின்று பந்தை அடித்தான், வலையைச் சுற்றிப்போய் எடுத்து அந்தப் பக்கமிருந்து திருப்பி அடித்தான். ஒவ்வொரு தடவை பந்து விழும்போதும் தலையைக் குனிந்து காதைக் கொடுத்தான். உள்ளே விழுந்தால் சத்தமில்லை. கோட்டுக்கு வெளியே விழுந்தால்தான் தட்டு.

"கோட்டு மேலதாம்ப்பா விழுந்துச்சு" என்றான் மகன், தரையைப் பார்த்து.

டொக் டொக்.

"சரி, சரி. அவுட்டுதான்" என்று சிரித்தான்.

அவன் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது! அந்தச் சிரிப்புக்காகத்தானே அவள் கையைத் தூக்கினாள். இப்போது அதைக் கேட்டு, கொண்டுவந்த டப்பாவை வாசலிலேயே வைத்துவிட்டாள். சுவரோரம் பாய் விரித்துக் கிடந்தது. நேற்றைய டப்பா திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், பனியன் தோளில் நிற்காமல் நழுவியது. வேறொரு கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டு வந்த போனைக்கூட எடுக்கவில்லை என்று அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஓர் அறையைக் காலிசெய்துவிட்டு இன்னோர் அறைக்குக் குடிவந்திருக்கிறான், அந்த அறையைக் கட்டிக்கொடுத்தது அவள் ஓட்டு.

வீட்டுக்கு வா ராஜா என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். பேய் பிடித்த இடத்தில் உனக்கென்ன வேலை என்று திட்டவும் செய்தாள். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

"அன்னைக்குக் காலையில அப்பா தட்டினாரும்மா. எப்பவும் தட்டிட்டுப் போயிடுவாரு. அன்னைக்குப் போகல. மறுபடியும் தட்டினாரு. நான் போர்வைய இழுத்துத் தலையோட மூடிக்கிட்டேன். அப்புறம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு." குனிந்து பந்தை எடுத்தான். "இப்பவும் தட்டுறாரு. இப்பவாவது பதில் சொல்லிக்கிட்டு இருக்கேன். விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"

அதுவரை டீச்சரும் அந்தத் தட்டை ஆட்சேபம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். என் பேச்சை மீறிக் கையைத் தூக்கினாயே என்று அவர் தன்னைக் கேட்கிறார் என்று பயந்துபோயிருந்தாள். தட்டுகிறவர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட குரலுக்குப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி அந்தக் கூடத்திலேயே கூடியது. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கோட்டுக்கு வெளியே, பலகை முடிகிற இடத்தில் போட்டுக்கொண்டார்கள், தரையில் கால் படவே எல்லோருக்கும் கூச்சம். மகன் வலைக்குப் பக்கத்தில் மட்டையோடு நின்றான். அவனைப் போகச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. பேசாமல் கூடத்தைப் பூட்டிவிடலாம், போட்ட காசு போகட்டும் என்றார் பொருளாளர். பூட்டினால் இவன் வாசலில் வந்து உட்காருவான் என்று டீச்சருக்குத் தெரியும். எழுந்தாள். கோட்டைத் தாண்டிப்போய் அந்தக் குழிப் பலகை மேலேயே நின்றாள்.

"பூட்ட வேண்டாம், பிடுங்கிடலாம்" என்றாள். "தரை முழுக்க. மரத்தைப் பின்தெருவுல கூரை ஒழுகுற வீடுங்களுக்குக் குடுத்துடலாம். கூலி, ஆணி எல்லாம் சர்ச் செலவு."

செலவு என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தனை பேரும் பழக்கதோஷத்தில் தரையைப் பார்த்தார்கள். பாஸ்டரும் பார்த்தார். ஒரு பைசா செலவு என்றாலும் தட்டுகிற கை அது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்காலைக் குழியில் அழுத்திக் காத்திருந்தாள். தட்டக்கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் எழுந்து வந்தாள். ஆனால் நேரம் போகப் போக நெஞ்சு மாறிப் பேசியது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொல்லுங்களேன் என்று உள்ளுக்குள் அழுதாள்.

மரம் சும்மா இருந்தது.

மகன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். கையிலிருந்த பந்தைக் கோட்டுக்கு வெளியே போட்டான். தலையைக் குனிந்து கேட்டான். எடுத்து, இன்னும் தள்ளி, யார் பார்த்தாலும் அவுட் என்று சொல்கிற இடத்தில் போட்டான். மண்டியிட்டு, மடக்கிய விரலால் அந்தப் பலகையில் இரண்டு தட்டு தட்டினான். கன்னத்தைத் தரையில் வைத்து ரொம்ப நேரம் அப்படியே கிடந்தான்.

"அப்பா போயிட்டாரும்மா" என்றான்.

அடக்கத்தன்று அறையைவிட்டு வெளியே வராத பிள்ளை, அவள் காலைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதான்.