என்ஜின் சத்தத்துக்கு அடியில்

டெப்போ வாசலில் புது பஸ்ஸுக்குச் சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. மதியழகன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை திருப்பக் கை வைத்தான்.

"ஓடிக்கிட்டுத்தாண்ணே இருக்கு. பச்ச லைட்டப் பாருங்க," என்றான் கண்டக்டர் அப்துல் சுக்கூர்.

"பொணம் மாதிரி கெடக்குதே பாய்."

"பொணம் பொகை விடாதுல்ல. இதுவும் விடாது."

பக்கத்தில் தன் டீசல் வண்டியை உறும விட்டுக்கொண்டிருந்த பொம்மையன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். மதியழகனும் அவனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "ஏலே மதி, ஒனக்கென்னப்பா, பொம்மக் காரு ஓட்டப் போற. சாயங்காலம் சார்ஜ் போட மறந்துராத," என்று கத்தினான். மதியழகன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான். ஊருக்கு வந்த முதல் மின்சார பஸ்களில் ஒன்று அவன் கைக்கு வந்திருந்தது. உள்ளுக்குள் பெருமை இல்லாமல் இல்லை.

அதுவரை அவன் ஓட்டியதெல்லாம் டீசல் வண்டிதான். இடது காதுக்குப் பக்கத்திலேயே என்ஜின். அந்த இரைச்சல் அந்தக் காதை எப்போதோ மந்தமாக்கிவிட்டது. வீட்டில் டிவியை அலற விடுவான். ஃபோனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். "பக்கத்துலதான இருக்கேன், ஏன் கத்துறீங்க?" என்பாள் மனைவி மாலதி. தான் கத்துகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

புது வண்டிக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பிரேக்கை எப்படி அழுத்தினால் பேட்டரிக்குக் கரண்ட் திரும்பும், பஸ் வருவது ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்காது என்பதால் எவ்வளவு கவனமாகப் போக வேண்டும், எல்லாம் சொன்னார்கள். வெளியே இருப்பவர்களுக்கு வண்டி கேட்காது என்று சொன்னவர்கள், உள்ளே இருப்பவர்களுக்கு டிரைவர் கேட்பான் என்று சொல்லவில்லை. அது பாடத்தில் இல்லை.

மதியழகன் மோசமான டிரைவர் இல்லை. குடித்துவிட்டு வண்டி எடுத்ததில்லை, யாரையும் இடித்ததில்லை. ஆனால் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஆனதிலிருந்து அவனிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஸ்டாப்பில் பெண்கள் மட்டும் நின்றால் வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவான். அவர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். அவன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வாய்க்குள் திட்டுவான். அவன் சம்பளத்தில் ஒரு காசு குறையவில்லை. ஆனாலும் தன் வீட்டுப் பானையில் யாரோ கைவிட்டது போல ஓர் எரிச்சல். திட்டுவது யாருக்கும் கேட்டதில்லை. என்ஜின் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கண்டக்டருக்கே கேட்காது.

செம்பட்டி ரோட்டில் ரைஸ்மில் ஸ்டாப் வந்தது. பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் பூக்கூடையோடு பேச்சாயி நின்றாள்.

அவள் அன்றாடம் மல்லிகை கட்டிக்கொண்டு போய் டவுனில் கோயில் பக்கம் விற்பவள். மதியழகனைவிடப் பல வருஷம் இளையவள். வெள்ளிக்கிழமை என்றால் வண்டிக்கென்று ஒரு முழம் தனியாகக் கட்டி வருவாள். ஏறியதும் அதை முன்னால் கண்ணாடிக்கு மேலே இருக்கிற சாமி படத்தில் மாட்டிவிட்டுத்தான் உட்காருவாள். காசு கேட்டதில்லை, அவனும் கொடுத்ததில்லை. இறங்கும்போது, "வாரேண்ணே" என்பாள். அவன் தலையை ஆட்டுவான்.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். புது வண்டி என்பதால் முழம் கணக்கில் இல்லாமல், இரண்டு கையால் தூக்குகிற மாதிரி ஒரு மாலையே கட்டி வந்திருந்தாள். மதியழகன் பழக்கதோஷத்தில் வண்டியைத் தள்ளி நிறுத்தினான். மாலையையும் கூடையையும் சுமந்து ஓடி வந்து ஏறினாள். மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக மாலையைச் சாமி படத்தில் மாட்டினாள்.

"அண்ணே, என்ஜின் பானெட்டே இல்லையேண்ணே! சூடே இல்ல!"

"ம்."

"பழைய வண்டியில கூடைய முன்னால வச்சா டவுனுக்குப் போறதுக்குள்ள பூ வெந்துரும். மடியில வச்சு தண்ணி தெளிச்சுத் தெளிச்சுக் கொண்டு போவேன். இனி பூ வதங்காது." டிரைவருக்கு நேர் பின் சீட்டில் உட்கார்ந்து, கூடையைக் காலடியில் இறக்கி வைத்தாள். கூடைக்கும் ஒரு நல்ல காலம் வந்தது போலத் துணியை நீவிவிட்டாள்.

அடுத்த ஸ்டாப்பிலும் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், துணிக்கடை வேலைக்குப் போகிறவர்கள். மதியழகனின் உதடு தானாக அசைந்தது.

"வந்துருச்சு ஓசிக் கூட்டம். காசு குடுத்து ஏறணும்னா ஒருத்தியும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டா. இந்தப் பூக்காரிக்கு ஆளுக்கு ஒரு ஓசி, கூடைக்கு ஒரு ஓசி. மாலையக் கொண்டாந்து மாட்டிட்டா வண்டி என்ன இவ அப்பன் வீட்டுதா? ஒரு மொழம் பூவுல ஊரையே சுத்துறாளுக."

வாய்க்குள் முனகியதாகத்தான் அவன் நினைத்தான். மந்தமான காதுக்காரன் நினைத்த முனகல் அது. கடைசி சீட்டு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

பின்னால் எவனோ ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் மதியழகனுக்கு முதலில் கேட்டது. ஏறிக்கொண்டிருந்த பெண்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். சுக்கூர் ஆள்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அண்ணே, கேக்குது."

"எது?"

"நீங்க பேசுறது."

துணிக்கடையில் வேலை பார்க்கும் ஜெஸ்ஸி படியிலிருந்தே கேட்டாள்: "பேட்டரி பஸ்ஸுன்னாங்க. ரேடியோவும் சேத்தே வச்சிருக்காங்களா கண்டக்டர்? இன்னைக்கு மட்டும்தானா, இல்ல தெனமும் உண்டா?"

பஸ்ஸே சிரித்தது. மதியழகனுக்குக் காது மடல் எரிந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தான். எல்லா முகமும் அவனைப் பார்த்தன, ஒன்றைத் தவிர. பேச்சாயி குனிந்து கூடைத் துணியைச் சரி செய்துகொண்டிருந்தாள். சரியாக இருந்த துணியைத் திரும்பத் திரும்பச் சரி செய்தாள். பூ வதங்காது என்று இப்போதுதான் சொன்ன முகம் அது.

டவுன் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கினாள். "வாரேண்ணே" இல்லை.

மாலை மட்டும் நாள் முழுக்க அவன் கண்ணுக்கு நேரே தொங்கியது. வண்டி திரும்பும்போதெல்லாம் ஆடியது. கழற்றி எறியவும் கை வரவில்லை, பார்த்துக்கொண்டு ஓட்டவும் முடியவில்லை.

சாயங்காலம் மாலதி ஆசையாகக் கேட்டாள். அவள் நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். தட்டில் சோறும் வெஞ்சனமும் வைத்துக்கொண்டே, "புது வண்டி எப்படிங்க?" என்றாள்.

"சத்தமே இல்ல."

"எங்க மில்லு ரூட்டுலயும் விட்டாத் தேவல. அந்த டிரைவரு இருக்கானே, எங்களப் பாத்தாலே வண்டியத் தள்ளிப் போயி நிறுத்துவான். நேத்து ஓடுனதுல செருப்பு அந்து போச்சு. ஏறும்போது வேற வாய்க்குள்ள என்னத்தையோ வைவான். சத்தத்துல கேக்காது."

மதியழகன் பிசைந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "கேக்காதுன்னா வைறான்னு எப்படித் தெரியும்?"

"என்னங்க கேள்வி இது? ஓடி வந்து ஏறுறவளப் பாத்து வாழ்த்தவா போறான்?"

அவன் கையை உதறிவிட்டு எழுந்தான். "ஏன், வெஞ்சனத்துல உப்பு கூடிருச்சா?" என்றாள் மாலதி. தன் புருஷனும் ஏதோ ஒரு மாலதிக்குச் செருப்பு அறுத்தவன்தான் என்று அவளுக்குத் தெரியாது. பஸ் முழுக்கக் கேட்கிற வாய், வீட்டில் அடைத்துக்கொண்டது.

மறுநாள் ரைஸ்மில் ஸ்டாப்பில் பேச்சாயி ஏறவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மினி பஸ்ஸில் போவதாகவும், கூடைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பதாகவும், விற்கிற பூவில் பாதி அதற்கே போவதாகவும் சுக்கூர் கேட்டு வந்து சொன்னான். "அதுலயும் இன்ஜின் சூடுதான். பூ வெந்துதான் போவுதாம்," என்றான். டெப்போவில் வண்டி கழுவுகிற ஆள் மாலையைக் கழற்றப் போனபோது மதியழகன், "கெடக்கட்டும் விடு" என்றான். மாலை காய்ந்து பழுப்பேறித் தொங்கியது.

அடுத்த வெள்ளி. ரைஸ்மில் ஸ்டாப்பில் கோடு போட்டது போல வண்டியை நிறுத்தினான். பெண்கள் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு ஓடாமல் ஏறினார்கள். பேச்சாயி தள்ளி நின்று, வண்டி வராத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுக்கூர் விசில் ஊதவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மதியழகன் கதவைத் திறந்து ரோட்டில் இறங்கினான். ஜன்னல் எல்லாம் தலைகள்.

"ஏறும்மா."

"நீங்க போங்கண்ணே. மினி பஸ் வரும்."

"கூடைக்குத் தனியாக் காசு வாங்குறானாமே."

"வாங்குறான். வாங்கிட்டு வாய மூடிட்டு வாரான்ல."

ஜன்னலிலிருந்து ஜெஸ்ஸி, "அப்படிச் சொல்லுக்கா!" என்றாள்.

மதியழகன் வேர்வையைத் துடைத்தான். "அன்னைக்கு... கேக்காதுன்னு நெனச்சுட்டேன்மா."

"கேக்காதுன்னாப் பேசலாமாண்ணே?"

மன்னிப்பு என்று நினைத்து அவன் எடுத்து வந்ததே தப்பான சாமான்.

பேச்சாயி இப்போது அவனை நேராகப் பார்த்தாள். "கேக்கத்தான் இல்ல. தெரியாதுன்னா நெனச்சீங்க? நீங்க எங்களப் பாக்குற கண்ணாடியில எங்களுக்கு ஒங்க மூஞ்சி தெரியும்ணே. பழைய வண்டியிலயும் ஒங்க வாயப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். நல்லது பேசுற வாயி அப்படிக் கோணாது."

"தெரிஞ்சேவா இம்புட்டு நாளும் பூ குடுத்த?"

"ஒங்களுக்கா குடுத்தேன்? வண்டிக்குக் குடுத்தேன். என்னையும் கூடையையும் சொமக்குறது அதுதான?" கூடையை இடுப்பு மாற்றி வைத்தாள். "டிக்கெட்டுக்குக் காசு வேணாம்னு கவர்மெண்டு சொல்லுச்சு. எங்களுக்கு மரியாத வேணாம்னு யாருண்ணே சொன்னது?"

லாரிக்காரன் ஹாரனை நிறுத்தியிருந்தான். அவனும் கேட்டுக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

மதியழகன் தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரிந்தே, பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரிப் பேசினான். "அன்னைக்குப் பேசுனது எல்லாருக்கும் கேட்டுச்சு. இதுவும் கேக்கட்டும். தப்பு என்னுதுதான். நீ ஏறுனாலும் ஏறாட்டியும் தப்பு என்னுதுதான்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ச் சீட்டில் உட்கார்ந்தான். கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் இல்லை. செத்த நேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. கூடை தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. அந்த வண்டியில் எல்லாம் கேட்டது.

பேச்சாயி எட்டிக் காய்ந்த மாலையைக் கழற்றினாள். புதுப் பூ மாட்டவில்லை. "காஞ்சது சாமிக்கு ஆகாது. எடுத்துட்டேன். புதுசு பெறகு பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சாமி படத்து ஆணி வெறுமனே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அவன் டவுன் வரைக்கும் ஓட்டினான்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பொம்மையன் பிடித்துக்கொண்டான். சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது. "என்னலே மதி, நடுரோட்டுல எறங்கி ஒரு பூக்காரி கால்ல விழுந்தியாமே! ஓசியில வாரவளுக்கா இம்புட்டு?"

மதியழகன் டீ கிளாசைக் கீழே வைத்தான்.

"எவ ஓசி? அவ உரிமையில வாரா. வெள்ளிக்கெழம தவறாம அவ பூவ வாங்கி மாட்டிக்கிட்டு, ஒத்தக் காசு குடுக்காதவன் நான். இத்தன வருசமும் அந்த வண்டியில ஓசியில போனது நான்தாம்லே."

பொம்மையன் சிரிக்கப் பார்த்தான். மதியழகன் விடவில்லை.

"எவனுக்கும் கேக்காதுன்னு நாம பேசுறோம் பாரு, அதுதான் நம்ம யோக்கியத. எதுத்தாப்புல பேசுறது எல்லாம் வேசம். பஸ்ஸ மாத்துனா ரோட்டுல பொகை நின்னுரும், அம்புட்டுதான். ஏறுற பொம்பளைய மனுசியா நெனைக்கிறதுக்கு ஓட்டுறவன்தான் மாறணும். ஒன் வண்டியிலயும் என்ஜினக் கழட்டத்தான் போறாங்க பொம்மையா. அதுக்கு முந்தியே வாயக் கழுவிக்க."