சேவலும் கோடரியும்

இடுப்பளவு தோண்டுவதற்குள் இரண்டாவது குழியிலும் தண்ணீர் ஊறிவிட்டது. தோண்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறினார்கள். மேட்டில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாவுச் சமையலுக்குச் சோளம் புடைத்துக்கொண்டிருந்த அகேயோ அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தொடர்ந்து புடைத்தாள்.

செத்தவன் ஒக்வேனோ, அவள் கணவனின் அண்ணன். பதினாலு வருஷமாக அவளுக்கும் அவனுக்கும் பேச்சில்லை. அவள் கணவனைப் புதைத்த கையோடு, ஊர் வழக்கப்படி அவளைத் தனக்கு மனைவியாகச் சேர்த்துக்கொள்ள வந்தான். அவள் கதவைச் சாத்திவிட்டாள். அப்போது லோல்வே ஏரி வற்றிக் கிடந்தது. கரையோரம் அவள் கணவனின் கீரைத் தோட்டம் இருந்தது. ஒரு நாள் விடிந்ததும் ஒக்வேனோ கையில் சேவலோடு வந்தான், மூத்த மகன் ஓபுரா பின்னால் கோடரி தூக்கி வந்தான். பொழுது சாய்வதற்குள் தோட்டத்து நடுவில் குடிசை எழும்பிவிட்டது. சேவலும் கோடரியும் கொண்டு குடியேறியவனை எங்கள் ஊரில் யாரும் கிளப்ப முடியாது. செத்தாலும் அவன் அங்கேதான் கிடக்க வேண்டும்.

அவள் பெரியவர்களிடம் போய் முறையிட்டாள். வெள்ளைக்காரன் போன சமயத்தில் மேட்டடியில் நிற்கும் அத்திமரம் வரை ஏரி ஏறியதாம், இறங்க நாற்பது வருஷம் ஆனதாம். லோல்வே என்றாலே எல்லையில்லாதது, அங்கே கீரை போடலாம், குடியிருக்கக் கூடாது என்று மாமனார் சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னாள். தண்ணீர் ஒருநாளும் அங்கே வந்ததில்லை என்று ஒக்வேனோ சத்தியம் செய்தான். பெண்பிள்ளைக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்று பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் அவள் மறக்கவில்லை.

ஓபுரா முழங்கால் சேற்றோடு மேடேறி வந்தான்.

"சித்தி, உங்க முற்றத்துல ஆறடி குடுங்க. இங்க தண்ணி ஏறாது."

"உங்கப்பாவுக்கு வீடு எங்கடா இருக்கு?"

"கீழ."

"கோடரி தூக்கிட்டு வந்தது யாரு?"

அவன் முழங்கால் சேற்றை வழித்து எறிந்தான்.

"வேற இடத்துல புதைச்சா அந்தத் தோஷம் முதல்ல யாரைப் பிடிக்கும்? மூத்த மகனைத்தானே?"

அவன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோட்டத்தையே திருப்பித் தந்துவிடுவதாக, தம்பிகளும் சம்மதித்துவிட்டதாகச் சொன்னான்.

"எந்தத் தோட்டம்? கோரை முளைச்சு நிக்குதே, அதுவா?" அகேயோ முறத்தைத் தட்டினாள். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். போய்த் தோண்டு."

மதியம் வரை பிளாஸ்டிக் சட்டிகளால் இறைத்துப் பார்த்தார்கள். இறைக்க இறைக்க ஊறியது. பெட்டியை இறக்கியதும் அது மிதந்தது. மகன்கள் உள்ளே குதித்து அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் மேலே கல் ஏற்றினார்கள். பாதிரியார் ஜெபத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார். எல்லோரையும் போல அகேயோவும் ஒரு பிடி மண் போட்டாள். அது மண் விழுகிற சத்தமாகக் கேட்கவில்லை. பதினாலு வருஷத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு எல்லோரையும் விட ஓங்கி ஒப்பாரி வைத்தாள். இரண்டு தட்டுக் களி சாப்பிட்டாள்.

மூன்றாவது வாரம் மகன்கள் தாயை அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். குடிசையின் கூரையும் சிலுவையின் மேல்பாதியும் மட்டும் தண்ணீருக்கு வெளியே நின்றன.

ஒரு நாள் காலையில் மீன்காரன் ஒருவன் படகைக் கொண்டுவந்து அந்தச் சிலுவையில் கயிற்றைச் சுற்றினான். கரையில் மீன் வாங்க நின்ற அகேயோவைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது. அவன் படகின் கரைப்பக்க நுனிக்கு வந்து மீன்கூடையை எட்டி நீட்டி, "உங்க சொந்தக்காரரு கல்லறை. கட்டலாமாம்மா?" என்றான்.

அகேயோ ஒரு ஜிலேபி மீனை எடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"காத்தடிக்குது," என்றாள். "நல்லா இறுக்கிக் கட்டு."