ஒதியம்பட்டில் குழாய்கள் எழும்பிய மூன்று மாதம்

பலராமனின் மாட்டுக் கொட்டகை ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை எட்டேகால் மணிக்குத் தரையை விட்டு நாலடி எழும்பி நின்றது. எட்டு இரும்புக் குழாய்க் கால்கள், ஒவ்வொரு காலின் அடியிலும் குடத்தளவு ஒட்டியிருந்த சிமெண்ட், மேலே தகரக் கூரை, கூரைமேல் காயவைத்திருந்த மிளகாய் எல்லாம் சேர்ந்தே எழும்பின. மாடு மட்டும் கீழே நின்றது. கழுத்துக் கயிறு குழாயில் கட்டியிருந்ததால் அது தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. பலராமன் அரிவாளால் கயிற்றை அறுத்துவிட்டார். மாடு குனிந்து வைக்கோலைத் தின்னத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அவர் போனை எடுத்து, தனக்குக் குழாய் விற்ற பாஸ்கலைக் கூப்பிட்டார். "தம்பி, நீ குடுத்த பைப்பு தரையில நிக்க மாட்டேங்குதுபா. இன்னான்னு வந்து பாரு."

பாஸ்கல் அப்போது அதே ஒதியம்பட்டில், தன் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஜெயசீலி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அந்த வீடு இரண்டு வகைக் குழாயில் நடந்தது. பாஸ்கலுக்கு மதகடிப்பட்டில் கடை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் எஃகுக் குழாய்களை வாங்கி விற்பான். ஜெயசீலி வில்லியனூருக்கு மேற்கே லூர்து பிரகாஷ் நடத்தும் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறாள். அங்கே செய்யும் குழாய்களின் நீளம், கனம், வெல்டிங் எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை வைப்பது அவள் வேலை. இருவரும் வீட்டில் குழாயைப் பற்றிப் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் வருவார்கள்.

பேசாததற்குக் காரணம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன் வெளிநாட்டுக் குழாய் சல்லிசாக வந்து குவிந்தது. அந்த ஊர்க் கம்பெனிகள் தங்கள் ஊரில் விற்கும் விலையைவிடக் குறைத்து இங்கே அனுப்பின. சில கம்பெனிகளுக்கு அவர்கள் அரசாங்கமே மின்சாரத்தையும் இரும்புத் தகட்டையும் பாதி விலைக்குக் கொடுத்தது. லூர்து பிரகாஷின் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் ஒன்றானது, எழுபத்துநாலு பேர் இருபத்திரண்டு பேர் ஆனார்கள். ஜெயசீலி பதினாலு மாதம் வீட்டில் உட்கார்ந்தாள். அந்த நாட்களில் அவள் ஜன்னல், கட்டில், கோழிக்கூடு என்று வீட்டிலிருந்த அத்தனையையும் டேப்பால் அளந்தாள், பாஸ்கலிடம் மட்டும் பேசவில்லை. பிறகு டெல்லியில் விசாரித்து, அந்தக் குழாய்களுக்கு இறக்குமதி வரி போட்டார்கள். விலை எவ்வளவு நியாயமில்லாமல் குறைந்திருந்ததோ அவ்வளவுக்கு வரி. ஆட்கள் திரும்பி வந்தார்கள், ஜெயசீலியும் வந்தாள். ஆனால் வரிக்கு ஆயுசு ஐந்து வருடம். எடுத்தால் பழைய கஷ்டம் திரும்ப வரும் என்று அதற்குள் மறுபடி விசாரித்து முடிவானால்தான் நீடிக்கும். இந்த முறை விசாரணை முடியவில்லை, ஐந்து வருடம் முடிந்துவிட்டது. அந்த நாளுக்காகவே துறைமுகத்தில் காத்துக் கிடந்த சரக்கு ஆனிக் கடைசியில் வெளியே வந்தது. இரண்டு வருடமாக மாட்டுக்கு ஒரு கூரை போட ஆசைப்பட்ட பலராமன் முதல் லாரியிலேயே வாங்கினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாஸ்கலும் ஜெயசீலியும் வண்டியில் போய்ப் பார்த்தார்கள். ஜெயசீலி கொட்டகையின் காலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்தினாள். அது அழுத்தத்துக்கு இறங்கி, விட்டதும் பழைய உயரத்துக்குப் போய் நின்றது. அவளுக்கு நெஞ்சு படபடத்தது. பயம் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்த கேள்வியை வாத்தியார் கேட்கும்போது வரும் படபடப்பு. பாஸ்கல் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்து, "கம்பெனிக்காரன்கிட்ட சொல்லி மாத்திக் குடுக்கச் சொல்றேன்ணே" என்று பலராமனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடையிலிருந்து போன் வந்தது. இருவரும் வண்டியைக் கடைக்கு விரட்டினார்கள்.

கடையில் அடுக்கியிருந்த நானூறு குழாய்களும் எழும்பிவிட்டன. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. இருபதடி நீளக் குழாய்கள் ஒவ்வொன்றாக வேலியைத் தாண்டி விழுப்புரம் சாலைக்கு வந்து, அங்கிருந்து புதுச்சேரிப் பக்கம் திரும்பி, வரிசை கலையாமல் மிதந்து போயின. திருக்கனூர் பஸ் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி ஒரு குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். டீக்கடை, செல்போன் கடை, உரக்கடை ஆட்கள் எல்லாரும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சைக்கிளில் வந்த பெண்கள் துப்பட்டாவை வீசிப் பிடித்தார்கள். ஜெயசீலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒன்றரை மைல் ஓடி ஒன்பது குழாய் பிடித்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்ததில்லை என்று பிறகு சொன்னாள். மத்தியானத்துக்குள் முந்நூற்றெண்பத்தொன்று கிடைத்தன. மீதி கடல் பக்கம் போயிருக்கலாம்.

துறைமுகத்தை விட்டு வந்த ஒன்பது நாள் வரை இந்தக் குழாய்கள் சாதாரணமாகவே கிடந்தன, பத்தாம் நாள் எழும்பின. ஏன் ஒன்பது நாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் வியாபாரம் நிற்கவும் இல்லை. விலை அப்படி. ஆவணி பிறப்பதற்குள் ஜனங்கள் குழாயைக் கல் கட்டி வாங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள். கல்யாணப் பந்தல்காரர்கள் ஏணியே வேண்டாம் என்று சந்தோஷப்பட்டார்கள். லூர்து பிரகாஷின் தொழிற்சாலைக்கு மட்டும் ஆர்டர் வரவில்லை. ஆடியிலேயே மூன்றாவது ஷிப்டை நிறுத்தியவர், ஆவணி இரண்டாம் வாரம் இரண்டாவதையும் நிறுத்தினார்.

அன்றைக்கு அவர் எல்லாரையும் ஷெட்டில் கூட்டினார். ஃபிட்டராக இருந்து முதலாளி ஆனவர் அவர், நின்றுகொண்டே பேசுவார். "டெல்லியிலேர்ந்து ஒரு ஆபீசரம்மா வராங்க. நம்ம புஸ்தகத்த எல்லாம் பார்ப்பாங்க. வரிய எடுத்தா நமக்குத் திரும்ப அடி விழும்னு காட்டணும். அடி விழுறது எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியுது. பேப்பர்ல காட்டறதுக்கு இன்னா பண்றதுன்னுதான் தெரியல."

ஜெயசீலிக்கு ஒன்று தெரியும். பிடித்த ஒன்பது குழாயும் ஒரே உயரத்தில் மிதக்கவில்லை என்பதை அன்றைக்கே கவனித்திருந்தாள். ஒவ்வொரு குழாயிலும் அதைச் செய்த வெளிநாட்டு ஆலையின் முத்திரை உண்டு. மறுநாள் வேலை முடிந்ததும் நேரே மதகடிப்பட்டுக்குப் போனாள். கல்லை அவிழ்த்து, ஒவ்வொரு குழாயாக விட்டு, டேப்பைப் பிடித்து அளந்தாள். மூன்று ஆலை, மூன்று உயரம். வட்ட முத்திரை எல்லாம் ஒண்ணேமுக்கால் அடி. நட்சத்திர முத்திரை எல்லாம் நாலடி. அரசாங்கத்திடம் பாதி விலைக்குத் தகடும் மின்சாரமும் வாங்குகிற மூன்றாவது ஆலையின் குழாய் மட்டும் ஐந்தரை அடி. நூற்றுப் பன்னிரண்டு குழாய் அளந்தாள். ஒன்றுகூட மாறவில்லை. எவன் எவ்வளவு குறைத்து விற்கிறானோ அவ்வளவு உயரம் என்று அவளுக்குப் புரிந்தது. பாஸ்கல் கல்லாவில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, அந்த ஆபீசரம்மாவ இங்க கூட்டியாரட்டுமா?" என்று கேட்டாள்.

பாஸ்கலின் மேசையில் ஒரு மனு கிடந்தது. வெளிநாட்டுக் குழாய் விற்பவர்கள் எல்லாரும் சேர்ந்து டெல்லிக்கு அனுப்பவிருந்த மனு. வரி வந்தால் விலை ஏறும், விவசாயிக்கும் சின்னப் பட்டறைக்கும் கஷ்டம், எங்கள் குழாயில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தது. இவன் ஒருவன் கையெழுத்துதான் பாக்கி.

"விலை ஏறும்னு எழுதினது பொய்யில்ல சீலி. பலராமன் அண்ணன் மாதிரி ஆளு அதுக்கப்புறம் கொட்டாய் போட முடியாது."

"பொய்யின்னு நான் சொல்லல. எழுபத்துநாலு வூட்ல அடுப்பு எரியணும்னு சொல்றேன். அந்த ஆலைக்காரன் நம்ம ஆலைய மூடற வரைக்கும்தான் இந்த விலைக்குத் தருவான். அப்புறம் அவன் சொல்றதுதான் விலை. அப்ப பலராமன் அண்ணன் இன்னா பண்ணுவாரு?"

பாஸ்கல் மனுவைக் கையில் எடுத்தான். பிறகு, "அந்தப் பதினாலு மாசம் நீ எங்கிட்ட பேசல. கோழிக்கூட்ட அளந்துகினு கெடந்த. அது எனக்குத் திரும்ப வேணாம்" என்றான். மனுவை மடித்து இழுப்பறைக்குள் வைத்தான். "கூட்டியா."

ஆபீசர் சேலத்துப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், எதற்கும் புருவத்தைத் தூக்காதவர். தொழிற்சாலைப் புத்தகங்களை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் காலை மதகடிப்பட்டுக்கு வந்தார். அதற்குள் செய்தி பரவி, திருக்கனூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து சாலையோரம் நின்றது. ஜெயசீலி ஆலைக்கு ஒன்றாக மூன்று குழாயை அவிழ்த்துவிட்டாள். அவை எழும்பி, தத்தம் உயரத்தில் போய் நின்றன. ஆபீசர் பையிலிருந்து மூடிய கவர் ஒன்றைப் பிரித்தார். ஒவ்வொரு ஆலையும் எவ்வளவு குறைத்து விற்கிறது என்று டெல்லியில் மாதக்கணக்கில் உட்கார்ந்து எடுத்த விவரம் அதில் இருந்தது. வேறு யாரும் பார்க்கக் கூடாதது. நூற்றுக்குப் பத்து ரூபாய் குறைத்திருந்தால் ஓரடி என்று கணக்குப் பொருந்தியது; முதல் குழாயைப் பார்த்து ஒரு டிக் போட்டார். மூன்றாவதைப் பார்த்து ஒரு டிக் போட்டார். நடுவிலிருந்த நட்சத்திர முத்திரையிடம் வந்ததும் பேனா நின்றது.

"இது மூன்றரை அடிதானே இருக்கணும்?"

"நாலடி, மேடம்."

"திரும்ப அளங்க."

அளந்தாள். நாலடி. இன்னொரு நட்சத்திரக் குழாயை அவிழ்த்தாள். நாலடி. ஜெயசீலி டேப்பை விடவில்லை. பதினாறு வருடத்தில் அவள் அளந்து ஒரு குழாயும் திரும்பி வந்ததில்லை. ஆபீசர் பாஸ்கலின் நாற்காலியில் உட்கார்ந்து, காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, பென்சிலால் கூட்டிக் கழித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். அந்த ஆலையின் விலையிலிருந்து கப்பல் கூலியைக் கழிக்க விட்டுப்போயிருந்தது. கழித்துப் பார்த்தார். நாலடிதான் வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜெயசீலியைப் பார்த்து, "நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"பத்தாவது, மேடம்."

"நல்லாப் படிச்சிருக்கீங்க," என்று சொல்லி மூன்றாவது டிக்கைப் போட்டார்.

ஐப்பசி எட்டாம் தேதி உத்தரவு வந்தது. மூன்று ஆலைக்கும் மூன்று அளவில், இன்னும் ஐந்து வருடத்துக்கு வரி நீடிக்கும். இடையில் வரி இல்லாமல் போனது மூன்று மாதமும் பதினோரு நாளும். அதற்குப் பின் வந்த குழாய்கள் பத்தாம் நாளும் தரையிலேயே கிடந்தன. இடையில் வந்தவற்றுக்கு உத்தரவு செல்லாது, ஆகவே அவை அப்படியே மிதந்தன. பலராமன் அலட்டிக்கொள்ளவில்லை. ஏரி தூர்வாரிய மண்ணை எட்டு டிராக்டர் வாங்கிக் கொட்டகைக்குக் கீழே கொட்டி மேடாக்கி, மாட்டை அதன்மேல் ஏற்றிக் கட்டினார். கார்த்திகை மழையில் அந்தத் தெருவில் குளம்பு நனையாத மாடு அது ஒன்றுதான்.

தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் திரும்ப ஓடியது, தை பிறந்ததும் மூன்றாவதும் ஓடியது. பாஸ்கல் லூர்து பிரகாஷிடமிருந்தே குழாய் வாங்கி விற்க ஆரம்பித்தான். முதல் லோடு வந்த காலையில், மூன்று மாதப் பழக்கத்தில் ஒரு குழாயை ஒற்றைக் கையால் தூக்கப் போய்த் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜெயசீலி தைலம் தேய்த்துவிட்டாள். அன்றே இரண்டு லோடுமேன்களை வேலைக்கு வைத்தான். விற்காமல் மிஞ்சிய பதினேழு பழைய குழாய்கள் கடைக்குப் பின்னால் கயிற்றில் நிற்கின்றன. மதகடிப்பட்டுப் பெண்கள் காலையில் வந்து அவற்றின்மேல் துணி உலர்த்துகிறார்கள். நீளமான புடவையை உலர்த்த வேண்டும் என்றால் ஐந்தரை அடிக் குழாய்ப் பக்கம் போகிறார்கள், குள்ளமானவர்கள் நாலடிப் பக்கம் போகிறார்கள்.