வெள்ளிக்கிழமைக்கு வைத்த கடிதம்

திங்கட்கிழமை காலை தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுத்து முடித்ததும், கணக்கப்பிள்ளை, தொழிலாளி கந்தப்பனைக் கூப்பிட்டு ஒரு நீள உறையைக் கொடுத்தார். அரசாங்க முத்திரை, மகள் தனுஜாவின் பெயர். உயர்தரப் பரீட்சையில் நாட்டிலேயே சிறந்த நூறு பிள்ளைகளுக்குக் கொழும்பில் விருது கொடுக்கிறார்கள், தனுஜாவுக்கும் வரும் என்று டீச்சர் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உறையைப் பார்த்ததுமே கந்தப்பனுக்குப் புரிந்துவிட்டது.

பிரிக்கவில்லை. நல்ல காரியம் எதுவானாலும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றித்தான் தொடங்குவது அவன் வழக்கம். உறையை மாரியம்மன் படத்தடியில் வைத்து, மூலையில் மஞ்சள் தடவி, ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கி டியூஷன் எடுக்கும் மகளுக்கு, "வியாழக்கிழமை வந்துரும்மா, ஒரு விஷயம் இருக்கு" என்று மட்டும் போனில் சொன்னான். லயத்து வரிசை வீடுகளில் மட்டும் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டான், மேடைக்கு முன்வரிசையில் தான் உட்காரப்போவது உட்பட.

வெள்ளிக்கிழமை காலை தனுஜா பிரித்தாள். கடிதம் சிங்களத்தில் இருந்தது. ஒருமுறை வாசித்தாள், மறுபடியும் வாசித்தாள்.

"புதன்கிழமைக்குள்ள வர்றோம்னு சொல்லிருக்கணும்ப்பா. ரெண்டு நாள் தாண்டிருச்சு."

அடுப்படியிலிருந்து மனைவி நாகலெட்சுமி, "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாராம்" என்றாள். வாய்க்கு வந்ததை எப்போதும் போலத்தான் சொன்னாள். ஆனால் கந்தப்பனுக்கு அன்று அது நெஞ்சில் இறங்கியது. மகள் வாய்க்குப் போன சோற்றைத் தன் கையே தட்டிவிட்ட மாதிரி இருந்தது.

தனுஜா கொழும்புக்குப் போன் போட்டுச் சிங்களத்தில் வெகுநேரம் மன்றாடினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பேரு வாசிக்கிற புத்தகம் அச்சுக்குப் போயிருச்சாம். எம் பேரக் கையால எழுதி எங்கயாச்சும் நடுவுல சேத்துக்கிறாங்களாம்" என்றாள். பிறகு மெல்ல, "பெத்தவங்களுக்குத்தான் உள்ள எடமில்லயாம்."

"நீ மேடை ஏறுனாப் போதும்மா."

"போன்லயே சொல்லிருக்கலாம்லப்பா?"

"ஒம் மூஞ்சியப் பாக்கணும்னு இருந்துச்சு."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "வெளியில நிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

விழாவன்று அப்பனும் மகளும் டயகமவில் முதல் பஸ் ஏறிப் போனார்கள். மண்டபத்துக் கண்ணாடிக் கதவு தனுஜாவுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. கந்தப்பன் கார்கள் நிற்கும் இடத்தில் நின்றான். குளிரில் வளர்ந்த உடம்புக்குக் கொழும்பு வெயில் லேசில்லை. உள்ளே ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார்கள். கதவைத் தாண்டி வரும்போது அவை வெறும் இரைச்சலாகிவிட்டன. கைதட்டல் மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. முதல் கைதட்டலுக்குச் சும்மா நின்றான். இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது வந்தபோது, அது அவளாக இருந்துவிட்டால் என்று நினைத்தான்.

தட்டினான். அடுத்ததற்கும் தட்டினான். அதற்கடுத்ததற்கும்.

வாசலில் நின்ற காவலாளி வேடிக்கையாகப் பார்த்துவிட்டு, இப்போது மேடையில் இருப்பது உன் பிள்ளையா என்று சிங்களத்தில் கேட்டான்.

தெரியாது மாத்தயா என்று கந்தப்பன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள், உள்ளே அடுத்த பெயருக்குக் கைதட்டல் எழுந்தது. அவன் அவசரமாகக் கைகளைத் தூக்கினான்.